கட்டியாகும் பென்டோனைட் கேட் லிட்டர்: நாற்றத்தை விட முக்கியமான ஒன்று

கேட் லிட்டர், அதாவது வீட்டுப் பூனை மலசலம் கழிக்கும் ட்ரேயில் கொட்டும் மணல், வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது நாற்றம் தாங்குமா என்றுதான். வாசனை சேர்க்காத, பொடிமணல் போன்ற பென்டோனைட் அதைச் சுமாராகச் செய்யும். ஆனால் இதை முதலிடத்தில் வைக்கக் காரணம் வேறு: பூனையின் சிறுநீரைக் கணக்குப் பார்க்க இதைவிட எளிய வழி வீட்டில் கிடையாது.

ஈரம் பட்டால் உப்பி இறுகும் களிமண் இது. ஒவ்வொரு முறை போன சிறுநீரும் தனித்தனிக் கட்டியாக நிற்கும். வளர்ந்த பூனைக்கு நாளுக்கு இரண்டு முதல் நான்கு கட்டிகள் சகஜம். ஒரு வாரம் கவனித்தால் உங்கள் பூனையின் வழக்கமான எண்ணிக்கையும் அளவும் பிடிபட்டுவிடும். பிறகு கட்டிகள் பெருத்துக்கொண்டே போனால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம், பரிசோதனை தேவை. கோலிக்குண்டு அளவில் பல கட்டிகள் விழுந்தால் சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்ப ட்ரேயில் உட்கார்ந்து முக்கியும் கட்டியே இல்லையா? மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நள்ளிரவானாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சிலிக்கா கிரிஸ்டல் என்ற இன்னொரு வகை லிட்டர் பார்வைக்குச் சுத்தம். ஆனால் சிறுநீரை உறிஞ்சி மறைத்துவிடுவதால் எண்ண வழியில்லை.

'கட்டி உடைகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், மணலைக் குறைவாகக் கொட்டுவதுதான். 5 முதல் 7 செ.மீ. ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ட்ரேயின் அடியில் ஒட்டிக்கொள்ளும். சுரண்டினால் நொறுங்கி மற்ற மணலோடு கலந்து நாறும். சிறுநீர் போன கால் மணி நேரம் கழித்து அள்ளினால் முழுசாக வரும். தினம் இரண்டு முறை அள்ளுங்கள். மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா (மனிதருக்கும் தொற்றி, கருவைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி) இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்; அதற்குள் அப்புறப்படுத்திவிடலாம். ஆனாலும் கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே நல்லது. ட்ரேயைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். பிளீச் கூடாது, சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

குறைகளும் உண்டு. பை கனம், பாதத்தில் ஒட்டி வீடெங்கும் பரவும். மலிவான வகைகளில் தூசி அதிகம். ஆஸ்துமா உள்ள பூனைக்கு ஆகாது. கழிவறையில் கொட்டினால் குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளும், குப்பையில்தான் போட வேண்டும். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும், குடலிலும் அதே போல் உப்பும். அந்த வயது தாண்டும்வரை காகித உருண்டை லிட்டரே போதும்.