ஆட்டோ ஹிஞ்ச் ஜிக்: நாலு வருடமும் 56 குழிகளும்

அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்ச், அதாவது தானாக மூடிக்கொள்ளும் உள்மறைவுக் கீல், பொருத்தக் குழி போட வழிகாட்டும் கருவிதான் இந்த ஜிக். 2021-இல் இதை வாங்கப் போனபோது பாரிமுனைக் கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கார்பென்டரா சார்?" இல்லை என்றேன். "அப்ப இது வேணும் உங்களுக்கு," என்று எடுத்து வைத்தார். 1,100 ரூபாய். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

திருவான்மியூரில் எங்கள் வீட்டு அலமாரிகளில் அதுவரை பட்டைக் கீல்கள்தான். கடல் காற்றுக்குத் துருவேறி, கதவைத் திறந்தால் கீச்சென்று தெருவுக்கே கேட்கும். புதுக் கதவுகளை பிளைவுட் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கினோம். மைக்கா ஒட்டி, ஓரத்தில் பீடிங் என்னும் மரப்பட்டை அடித்துக் கொடுத்தது எங்கள் வழக்கமான கார்பென்டர். கீல் வேலையை மட்டும் நானே செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். சமையலறையில் 14 கதவுகள், படுக்கையறையில் ஆளுயரத்துக்கு மேலே போகும் நான்கு, அதற்கு மேல் லாஃப்ட்டில் நான்கு, வாசலில் செருப்பு அலமாரிக்கு இரண்டு. சின்னக் கதவுக்கு இரண்டு ஹிஞ்ச், உயரக் கதவுக்கு நான்கு. கூட்டினால் 56.

"இதுக்கு எதுக்கு சார் ஜிக்கு? ஓரத்துலேர்ந்து இருபத்தி ரெண்டரை மில்லி பென்சில்ல குறிச்சு, டிரில் பிட்டை வெச்சு அழுத்தினா முடிஞ்சுது," என்றார் கார்பென்டர். கணக்கு சரிதான். ஹிஞ்ச்சின் கப்பு, அதாவது கதவுக் குழிக்குள் உட்காரும் வட்டக் கிண்ணம், 35 மில்லி அகலம், அதில் பாதி பதினேழரை. கதவின் ஓரத்துக்கும் கப்பின் விளிம்புக்கும் நடுவே 5 மில்லி விட்டால் மையம் இருபத்திரண்டரையில் விழும். அவர் கை அதை வருடக்கணக்காகச் செய்து பழகிய கை. நான் பழைய பலகையில் மூன்று குழி போட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று இடத்தில் இருந்தன. மைக்காவின் வழவழப்பில் 35 மில்லி பிட்டின் நுனி முதல் சுற்றிலேயே ஒரு துள்ளு துள்ளி நகர்ந்துவிடும். அந்தத் துள்ளலை அடக்குவதற்குத்தான் ஜிக்.

பொருள் சின்னதுதான். அலுமினிய உடம்பு, நடுவில் எஃகுக் குழாய், அதற்குள் சுழலும் தண்டின் நுனியில் 35 மில்லி பிட். கதவின் ஓரத்தில் முட்டி நிற்க இரண்டு உருளைகள். ஒரு திருகைத் திருப்பினால் ஓர இடைவெளி 3, 4, 5, 6 என்று மாறும். இரு பக்கமும் ஸ்க்ரூ ஓட்டைக்கு வழிகாட்டும் சின்னத் துளைகள். பலகையோடு பிடித்துக்கொள்ள கிளாம்ப் கூட வரவில்லை. இரண்டு சி கிளாம்ப் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே துளைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த 3, 4, 5, 6 திருகின் அர்த்தம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. ஓர இடைவெளியை ஒரு மில்லி கூட்டினால், மூடிய கதவு அலமாரியின் பக்கப் பலகை மேல் ஒரு மில்லி கூடுதலாக ஏறி உட்காரும். எங்கள் பக்கப் பலகை 18 மில்லி பிளைவுட், இருபுறமும் மைக்கா சேர்ந்து கிட்டத்தட்ட 20. நான் 4-இல் வைத்துப் போட்ட முதல் கதவு மூடியபோது பலகையின் விளிம்பு கோடு போட்டது போல வெளியே தெரிந்தது. ஹிஞ்ச்சிலேயே இருக்கும் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் திருகி ஒரு மில்லிக்கு மேல் சமாளித்தேன். மீதிக் கதவுகளுக்கு 5 வைத்தேன். இரண்டு கதவுகள் ஒரே நடுப்பலகையைப் பங்கு போடும் இடத்தில் எந்தத் திருகும் உதவாது, அங்கே ஹிஞ்ச்சே வேறு. ஹிஞ்ச் கையின் வளைவைத்தான் கிராங்க் என்பார்கள். கடையில் ஜீரோ கிராங்க், எட்டு கிராங்க், பதினாறு கிராங்க் என்று கேட்டால் கொடுப்பார்கள். முழுப் பலகையை மூடுவதற்கு ஜீரோ, பாதியை மூடுவதற்கு எட்டு, சட்டத்துக்கு உள்ளே அடங்கும் கதவுக்குப் பதினாறு. குழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

நன்றாக விழும் ஒரு குழி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் மைக்கா கிழியும்போது கரகரவென்ற காய்ந்த சத்தம். அதைத் தாண்டியதும் சத்தம் மெத்தென்று மாறும், பிளைவுட் சுருள் சுருளாக வெளியே வரும். ஒவ்வொரு அடுக்கின் பசையையும் வெட்டும்போது டிரில்லின் குரல் லேசாகத் தடித்து மறுபடி இளகும். நாலைந்து மில்லிக்கு ஒருமுறை பிட்டை மேலே தூக்கித் தூளை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் கருகிய பசை நாற்றம் அடிக்கும், பிட் நீலம் பாரிக்கும். குழியைத் துடைத்துவிட்டுக் கப்பை வைத்தால் டக்கென்று உட்கார வேண்டும். ஆடவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது. டிரில்லை மெதுவான வேகத்தில் வையுங்கள். ஹேமர் மோடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் சுவரில் பிளக் அடித்த கையோடு வந்து ஒரு கதவின் மைக்காவைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தேன்.

ஜிக்கோடு வந்த பிட் பத்தாவது குழியிலேயே புகையத் தொடங்கியது. அதற்கு ஜிக்கை முழுசாகக் குறை சொல்ல முடியாது. பீடிங்கைப் பசை காயும்வரை பிடித்து வைக்க அடித்த பொடி ஆணிகள் ஓரத்திலேயே இருக்கும். நம் குழியும் ஓரத்திலிருந்து 5 மில்லியில்தான் தொடங்குகிறது. நறநறவென்று ஒரு சத்தம், ஒரு பொறி, அவ்வளவுதான் பிட். அதன்பிறகு கதவு ஓரத்தில் சின்னக் காந்தம் ஒன்றை ஓட்டிப் பார்த்து, ஆணி இருக்கும் இடத்தில் குழியை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டேன். கார்பைட் முனை வைத்த பிட் 350 ரூபாய்க்கு வாங்கினேன். மீதி குழிகள் எல்லாம் அதில்தான். இன்னும் வெட்டுகிறது.

இந்த ஜிக்கில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையத்தின் மேல். கப்பு பதினொன்றரை மில்லி ஆழம், நான் வைத்தது பன்னிரண்டரை. வளையத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பொடி அலென் ஸ்க்ரூ. அதிர்வில் அது தளரும், வளையம் மேலே நகரும், நமக்குத் தெரியாது. 18 மில்லிக் கதவுகளில் கொஞ்சம் ஆழம் கூடினால் ஒன்றும் ஆகிவிடாது. செருப்பு அலமாரியின் கதவு 16 மில்லிப் பார்ட்டிகிள் போர்டு. வளையம் 2 மில்லி நகர்ந்திருந்தது, பிட்டின் கூர்நுனி இன்னும் 2 மில்லி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் அழகாக ஒரு ஊசித்துளை. மகள் அதன்மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டினாள். இப்போது அந்தத் தண்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் வளையம் கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஓரத்திலிருந்து எவ்வளவு என்பதை ஜிக் பார்த்துக்கொள்ளும். கதவின் மேல்முனையிலிருந்து எவ்வளவு என்பது நம் தலைவலி. சமையலறையில் எல்லாக் கதவுக்கும் மேலும் கீழும் 100 மில்லி என்று, மிச்ச பிளைவுட்டில் ஒரு கட்டை வெட்டி, முனையில் முட்ட வைத்துப் போட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. அந்தத் தெம்பில் படுக்கையறை உயரக் கதவுகளுக்கு நான்கு ஹிஞ்ச்சையும் சம இடைவெளியில் பிரித்தேன். கதவை மாட்டப் போனால், இரண்டாவது ஹிஞ்ச் சரியாக உள்தட்டு இருக்கும் உயரத்தில் நிற்கிறது. ஹிஞ்ச்சை அலமாரிப் பக்கம் பிடித்துக்கொள்ளும் பிளேட்டை எங்கே பொருத்துவது? குழி போட்டாகிவிட்டது. கடைசியில் அந்தத் தட்டின் முன்மூலையை உளியால் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி எடுத்தேன். சேலை மடித்து வைக்கும் தட்டு அது. "ஒவ்வொரு தடவையும் முந்தானை அதுல மாட்டுது," என்று மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். குறிப்பதற்கு முன்னால் அலமாரிக்குள் எட்டிப் பாருங்கள்.

உள்ளே பிளேட் பொருத்துவது இதைவிடச் சுலபம். பக்கப் பலகையின் முன் ஓரத்திலிருந்து 37 மில்லி, பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே 32. ஜெர்மனியில் அலமாரிப் பலகைகளுக்கு வரிசையாகத் துளை போட்ட மெஷின்களில் பற்சக்கரங்களை அதற்குமேல் நெருக்கி வைக்க முடியாமல்தான் இந்த 32 வந்தது என்பார்கள். ஜிக்கின் இன்னொரு விளிம்பில் இந்த 37-க்கும் ஓட்டைகள் இருக்கின்றன. பதினாறு கிராங்க் போடுகிறவர்கள் 37-உடன் கதவின் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை ஜிக் சொல்லாது.

மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு சிங்க்குக்குக் கீழே இருந்த நான்கு ஹிஞ்ச்சிலும் துரு. ஈரம், உப்புக் காற்று, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாம் சேர்ந்த இடம். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஹிஞ்ச் நான்கு வாங்கி வந்தேன். கப்பு கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்தவில்லை. பழையது 48-க்கு 6, அதாவது இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே 48 மில்லி, கப்பின் மையத்திலிருந்து 6 மில்லி தள்ளி. புதியது 52-க்கு 5.5. பக்கத்துக்கு 2 மில்லிதான் வித்தியாசம், அதனால் புது ஓட்டை பழைய ஓட்டைக்குள்ளேயே சரிந்து விழுகிறது. என் ஜிக்கில் 48-க்கான வழிகாட்டி மட்டும்தான் உண்டு. எல்லா அளவும் உள்ள ஜிக்குகள் கடையில் கிடைக்கின்றன. இப்போது வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், எரிந்து மிஞ்சிய ஊதுபத்திக் குச்சிகளை ஃபெவிகாலில் முக்கி, ஓட்டைக்கு இரண்டு மூன்றாகச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, ஒட்ட நறுக்கி, புது ஓட்டை போட்டேன். மூங்கில் குச்சி, ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கிறது. செருப்பு அலமாரியின் பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்தபோதும் இதே வைத்தியம்தான்.

நாலு வருடத்தில் ஜிக்கிலும் தேய்மானம் உண்டு. தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே லேசான ஆட்டம் வந்துவிட்டது, கடைசியாகப் போட்ட குழிகள் அரை மில்லி அகன்றே விழுந்தன. கப்பின் மடிப்பு அதை மறைத்துவிடும், ஸ்க்ரூதான் பிடிக்கப்போகிறது, அதனால் கவலை இல்லை. 5-ஆம் எண் அழிந்துபோய் அந்த இடத்தில் நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று இருக்கிறது. ஓரத்தில் முட்டும் உருளை ஒன்றில் செலோடேப் ஒரு சுற்று.

போன தைக்குப் பக்கத்து பிளாக்கில் வேலை எடுத்த அதே கார்பென்டர் வாசலில் வந்து நின்றார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கூட. "அந்த ஜிக்கை ரெண்டு நாள் குடுங்க சார், இவனுக்கு இன்னும் கை வரல." கொடுத்தேன். கார்பைட் பிட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.