படமா, பலகையா?

சென்னையின் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சியுள்ள பழைய கடைப் பெயர்ப்பலகைகளைப் படமெடுப்பதா, பலகையையே வாங்கிச் சேர்ப்பதா என்று தயங்குவோர் உண்டு.

செலவு: படத்துக்குக் கைபேசியும் காலை வெளிச்சமும் போதும், பலகைக்கு விலை, வண்டிக்கூலி, சுவரில் இடம், வீட்டாரின் பொறுமை ஆகிய அனைத்தும் வேண்டும்.

ஆயுள்: இரும்புப் பலகையில் எனாமல் பூச்சு உதிர்ந்த இடத்தில் கடற்காற்று பட்டுத் துருவேறும்.

சான்று: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் துதிக்கைபோல் வளைத்து எழுதப்பட்ட ‘லை’, ‘னை’ முதலியனவும், 1996 வரை அதிகாரப்பூர்வமாக இருந்த ‘மெட்ராஸ்’ என்னும் பெயரும், தெருவோடும் கதவோடும் சேர்ந்து படத்தில்தான் பதிவாகின்றன, கழற்றிய பலகை தன் இடத்தை இழந்துவிடுகிறது. தூரிகைத் தடத்தை மட்டும் பலகையில்தான் தொட்டுணர முடியும்.

ஆகவே, ஊர் வரலாற்றை நாடுவோருக்குப் படமே ஏற்றது. எழுத்துக்கலை பயில்வோர், மூடப்படும் கடையின் உரிமையாளர் மனமுவந்து தந்தால் பலகையை வாங்கலாம்.