9-ஆ 10-ஆ? மூன்று மணி நேரக் கச்சேரி வாசிக்கிறவர்களுக்கு

கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு கிட்டாரின் ஸ்ட்ரிங் கேஜ் (கம்பியின் தடிமன்) முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து நிமிடத்துக்கு எந்த செட்டும் சுகமாகத்தான் இருக்கும். நான் ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறவன், நடுநடுவே லீட் பிட்டும் (தனியாக மெட்டு வாசிக்கிற இடம்) வரும். கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை என்று எதை எடுத்தாலும் ஒரு நிகழ்ச்சி மூன்று மணி நேரம் ஓடும், மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறிவிட்டால் அதற்கு மேலும் ஓடும். எனவே எனக்கு ஸ்ட்ரிங்கைப் பற்றிய ஒரே கேள்வி, கடைசி ஒரு மணி நேரத்தில் இடது கை எப்படி இருக்கிறது என்பதுதான். என்னுடையது 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார். அதில் பல வருடம் 10-46 (மெல்லிய முதல் கம்பி 10, தடித்த ஆறாவது கம்பி 46), அப்புறம் சில முகூர்த்த சீசன் 9-42, இப்போது 9.5-44.

முதலில் கொஞ்சம் கணக்கு. 9 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 9 பங்கு, 10 என்றால் 10 பங்கு. வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. ஆனால் ஒரே சுருதிக்குக் கட்டும்போது இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, அதனால் 9-லிருந்து 10-க்குப் போனாலே முதல் கம்பியில் கிட்டத்தட்ட 23 சதவீதம் கூடுதல் இழுப்பு. என் ஸ்கேலில் 9 ஏறக்குறைய 6 கிலோ, 10 ஏழு கிலோவுக்கு மேல். ஆறு கம்பியையும் கூட்டினால் 9-42 செட் 38, 39 கிலோ வரும், 10-46 செட் 46 கிலோவைத் தாண்டும்.

10-46 சத்தத்துக்கு நல்ல செட், அதில் சந்தேகமில்லை. சிக்கல் பார் கார்டில்தான், அதாவது ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்துக் கம்பிகளை மொத்தமாக அழுத்துகிற கார்டில். வீட்டில் தனியாக வாசிக்கிறவர்களுக்கு ஓபன் கார்டு (சில கம்பியை அழுத்தாமலே விடுவது) கிடைக்கிற சுருதியில் பாட்டு அமையும். ஆர்கெஸ்ட்ராவில் பாடகர் வந்து "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்பார், கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், நமக்கு மட்டும் அன்றைக்குப் பாட்டு முழுக்க பி பிளாட்டும் ஈ பிளாட்டும், எல்லாம் பார் கார்டு. இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் கட்டைவிரலின் அடிச் சதை பிடித்துக்கொள்ளும், முழங்கைக்குக் கீழே உள்பக்கம் இறுகும். லீட் பிட் வரும்போது பெண்டிங் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) முழு சுரத்துக்கு ஏறாமல் முக்காலில் நின்றுவிடும். கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், தபேலாக்காரருக்குத் தெரியும்.

இங்கே சிலர் அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 போட்டு வாசித்தாரே என்று ஆரம்பிப்பார்கள். வாசித்தார், ஆனால் அரை சுரம் இறக்கி டியூன் செய்து. அரை சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும், அதாவது அவர் 13 சாதாரண டியூனிங்கில் 12-க்குச் சற்று மேலான கம்பிபோல இருந்திருக்கும். அதுவும் கனம்தான், நம் வேலைக்கு ஆகாது. அந்தப் பக்கம் இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7-38 என்று நூல் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு குண்டான டோன் எடுக்கிறார், அதனால் "கனம் இருந்தால்தான் சத்தம்" என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அரை சுரம் இறக்கி வாசிக்கலாமே என்றால், கீபோர்டும் புல்லாங்குழலும் இருக்கிற மேடையில் ஒவ்வொரு கார்டையும் மனதுக்குள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கைவலி போய்த் தலைவலி வரும்.

9-42 போட்ட முதல் நிகழ்ச்சியில் வேறு கிட்டாரை வாசிப்பது போலிருந்தது. பெண்டிங் வெண்ணெய். பார் கார்டு பிடிப்பதே தெரியவில்லை. சரி, தேடியது கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது, முதல் இரண்டு மணி நேரத்துக்கு அது உண்மையும்கூட. ஆனால் களைத்த கை மென்மையாகப் பிடிக்காது. களைப்பு ஏற ஏற விரல் அளவு தெரியாமல் இறுக்கும், மெல்லிய கம்பி அதற்கு உடனே சுருதி ஏறிவிடும். இதில் மூன்றாவது கம்பிதான் (ஜி ஸ்ட்ரிங்) முதல் குற்றவாளி. ஏ மேஜர் கார்டில் இரண்டாவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஜி ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு, கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பேட் (வயலின் கூட்டம் போல நீண்டு ஒலிக்கிற சத்தம்) ஓடும்போது கேட்டுப் பாருங்கள், இரண்டும் சண்டை போடும். டியூனர் பச்சை காட்டும், ஏனென்றால் டியூன் செய்யும்போது யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. வலது கைக்கும் இதே கதை: டிரம்மர் சூடேறிக் குத்துப்பாட்டில் ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் 42 ஆறாவது கம்பி அடித்த கணத்தில் மேலே ஏறி அப்புறம்தான் சுருதிக்கு இறங்கும். இன்னொன்று, 9 முதல் கம்பி விரல் நுனியில் போடுகிற கோடு. அழுத்தம் குறைவு என்றாலும் கம்பி மெலிது, மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் நுனியில் பள்ளம் விழுந்து சோறு பிசையும்போது எரியும்.

நடுவில் 9-46 ஹைபிரிட் செட்டும் போட்டுப் பார்த்தேன். கீழ்ச்சுருதிக் கம்பிகள் கனம், மேல்சுருதிக் கம்பிகள் மெலிது. ராக் பேண்டில் வாசிக்கிறவர்களுக்குப் பொருந்தும். எனக்கு நாலாவது கம்பியிலிருந்து மூன்றாவதுக்குத் தாண்டும்போது கைக்கு இரண்டு கிட்டார் மாதிரி இருந்தது, தவிர மூன்றாவது கம்பி அதே 16 என்பதால் அந்தச் சுருதிப் பிரச்சினை அப்படியே இருந்தது.

9.5-44 கேட்டால் கடையில் சில நேரம் விழிப்பார்கள், எர்னி பால் கம்பெனியில் பிரைமோ ஸ்லிங்கி என்ற பெயரில் வருவது இதுதான். முதல் கம்பி சுமார் 6.6 கிலோ. 9-இன் சுகம் முழுதாக இல்லை, 10-இன் கெட்டியும் முழுதாக இல்லை, ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் கை இறுக்கினாலும் கார்டு கலங்குவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, பெண்டிங்கும் ஏறுகிறது. ரிசப்ஷன் முடிந்து கேபிள் சுற்றும்போது கட்டைவிரல் விறைத்திருப்பதில்லை. லெஸ் பால் மாதிரி 24.75 அங்குல கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி அலைய வேண்டாம், அந்த ஸ்கேலில் சாதாரண 10 ஸ்ட்ரிங்கே ஆறு சதவீதம் தளர்ந்து சுமார் 6.9 கிலோவில் நிற்கும். என் நண்பர்களில் 10-தான் சுகம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் பாதிப் பேர் கையில் அந்தக் கிட்டார்தான் இருக்கிறது.

செட் மாற்றுவதற்கு முன்னால் நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டை, பாருங்கள். பலருக்குக் கைவலி கேஜால் வருவதில்லை, நட் உயரமாக இருப்பதால் வருகிறது. இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பியை நகத்தால் தட்டினால் மெல்லிய 'டிக்' ஒன்று வர வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று இடைவெளி தெரிந்தால் எஃப் கார்டு (முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிற பார் கார்டு) எந்தக் கேஜிலும் கொல்லும். இதை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து அரம் போடச் சொல்லுங்கள், ஒரு இழுப்பு கூடிப்போனால் ஓபன் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்.

மெல்லிய செட்டுக்கு இறங்கும்போது மிதக்கும் டிரெமோலோ (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை அசைக்கிற, ஸ்ப்ரிங் பிடித்திருக்கும் அமைப்பு) உள்ள கிட்டாரில் ஸ்ப்ரிங் ஜெயித்துப் பிரிட்ஜ் பின்னால் அமுங்கும், கழுத்தின் வளைவும் குறையும், முதல் சில ஃப்ரெட்டில் கரகரப்பு வரும். ஸ்ப்ரிங்கையும் டிரஸ் ராடையும் (கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) சற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் "9 போட்டேன், கரகரக்கிறது" என்று திரும்ப 10-க்குப் போகிறவர்கள் நிறைய.

கடைசியாக வியர்வை. சித்திரை மாதத்தில் ஊர் மேடையில் ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே வாசித்தால் சாதாரண நிக்கல் கம்பி இரண்டு மூன்று நிகழ்ச்சியில் கறுத்து, விரல் வழுக்காமல் பிடிக்க ஆரம்பிக்கும். அந்தச் சொரசொரப்பும் களைப்புதான். எலிக்ஸிர் மாதிரி கோட்டிங் உள்ளது விலை கூட, ஆனால் வெயில் காலத்தில் அதிக நாள் வழவழப்பாக இருக்கிறது. நான் தை, மாசியில் சாதாரணமும், பங்குனியிலிருந்து கோட்டிங்கும் போடுகிறேன். கோட்டிங்கில் 9.5 கைக்குச் சிக்காத மாதங்களில் சாதாரண பிரைமோவையே மாட்டி, ஒவ்வொரு இடைவேளையிலும் பழைய பனியன் துணியால் கம்பிக்கு அடியிலும் சேர்த்துத் துடைத்துவிடுகிறேன்.