5,000 கிலோமீட்டரா, 10,000 கிலோமீட்டரா? இன்ஜின் ஆயில் மாற்றும் இரு கணக்குகள்

திருநெல்வேலிப் பக்கம் அனுபவமுள்ள மெக்கானிக் எவரைக் கேட்டாலும், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்பார். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடோ, 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றினால் போதும் என்கிறது.

மெக்கானிக்கின் கணக்கு, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயில் காலத்தில் பிறந்தது. அந்த ஆயில் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவில் தடித்துவிடும். வேதிமுறையில் தயாரிக்கப்படும் சிந்தெடிக் ஆயில் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்பதால், கையேட்டின் கணக்கை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. வண்ணார்பேட்டையிலிருந்து நான்குவழிச் சாலையில் ஏறி மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ அடிக்கடி சென்றுவரும் காருக்கு, கையேடு சொல்லும் தரத்திலான ஆயிலை ஊற்றியிருந்தால், 5,000-இல் மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவே.

பாளையங்கோட்டைக்குள் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கப்படும் காரின் நிலை வேறு. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் சிறிதளவு ஆயிலில் கலப்பது இயல்பு. நீண்ட ஓட்டத்தில் ஆயில் நன்கு சூடேறி அவை ஆவியாகிவிடும்; சில கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் அவை உள்ளேயே தங்கி, அமிலத்தையும் கசடையும் உண்டாக்கும். நம் ஊர் வெயிலில் இன்ஜின் எப்போதும் சூடாகத்தானே இருக்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அக்கினி நட்சத்திரத்து வெயிலே 40 பாகையை ஒட்டித்தான் நிற்கும், ஆயிலுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 90 முதல் 100 பாகை. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாத இத்தகைய காருக்குக் கிலோமீட்டர் கணக்கு இரண்டுமே உதவாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவதே என் தேர்வு. விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலை ஊற்றினாலும் இந்தக் கலப்பு நிற்காது.

கையேட்டின் பின்பக்கங்களில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும். குறுகிய ஓட்டம், புழுதி, மலையேற்றம் போன்றவற்றுக்குக் கால இடைவெளியைப் பாதியளவுக்குக் குறைக்கச் சொல்வது அங்கேதான். ஆடிக் காற்றில் இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்கும், மாஞ்சோலைக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டிக்கும் மெக்கானிக் சொல்லும் 5,000 பொருந்திவிடுகிறது. புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். எந்தக் கணக்கைப் பின்பற்றினாலும் ஆயில் ஃபில்டரை உடன் மாற்றாமல் விடுவது பொய்ச் சிக்கனம்.

ஆயில் கறுத்துவிட்டதைக் காட்டி மாற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை. டீசல் இன்ஜினில் கரி கலந்து சில நாள் ஓட்டத்திலேயே ஆயில் கறுப்பது வழக்கம். ஆனால் 2020-க்குப் பிந்தைய பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் காரில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், புகை ஃபில்டரைச் சுத்தம் செய்யச் செலுத்தப்படும் டீசல், இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கியிருக்கக்கூடும். அப்போது ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் காத்திருக்காமல் ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டும்.