மாஸா, ஜேபிளாக்கா, வைவாவா? காப்பியடித்த நிரலைத் தடுப்பது எது

தேதியைக் கொடுத்தால் அன்று விசைப்படகு கடலுக்குப் போகலாமா என்று சொல்ல வேண்டும். போன பருவத்தில் நான் மாணவர்களுக்குக் கொடுத்த பைத்தான் நிரல் அசைன்மென்ட் இது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது ராமநாதபுரம் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? அறுபது பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பதினோரு பேருடைய திரையில் ‘விசைபடகு’ என்று வந்தது, நடுவில் ‘ப்’ இல்லாமல். ஒருவர் தட்டிய பிழை ஒரே ராத்திரியில் வாட்ஸ்அப் வழியாக மண்டபத்திலிருந்து தொண்டி வரை போயிருந்தது.

முதலில் காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பக்கம் போனேன். மாஸ், 1994-ல் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கியது, ஸ்டான்ஃபோர்டு சர்வரில் இலவசமாக ஓடுகிறது. நிரலைச் சிறு துண்டுகளாக்கி, கைரேகை மாதிரி எண்கள் எடுத்து ஒப்பிடும். நாமே கொடுத்த ஆரம்ப நிரலைத் தனியாகக் காட்டிவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காது. ஆனால் நெட் வேண்டும், பிள்ளைகளின் கோப்புகளும் வெளியே போகும்.

ஜேபிளாக் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்தது, திறந்த மூலம். ஜாவா இருந்தால் லேப் கணினியிலேயே ஓடும். நிரலை டோக்கன்களாக்கி, அதாவது அமைப்பை மட்டும் காட்டும் குறியீடுகளாக்கி, நீளமாகப் பொருந்தும் பகுதிகளைத் தேடும். மாறியின் (வேரியபிள்) பெயரை மாற்றினாலும், நடுவில் எழுதிய விளக்கக் குறிப்பான கமென்ட்டை அழித்தாலும் இரண்டுமே ஏமாறாது. இரண்டில் ஒன்று என்றால் நான் ஜேபிளாக்கைத்தான் எடுப்பேன். நெட் போகிற நாளிலும் வேலை நிற்காது.

ஆனால் அந்த ‘ப்’ ஜேபிளாக் கண்ணில் படவே இல்லை. மேற்கோளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. இன்னொன்று, பதினைந்து வரி நிரலை நேர்மையாக எழுதினாலும் எல்லாருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே 90 சதவீதம் ஒற்றுமை என்று வந்தால் அதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஏஐ எழுதிக் கொடுத்த நிரல் பக்கத்து மாணவருடையதோடு ஒத்துப்போகாமல் தப்பிவிடவும் செய்யும்.

அப்புறம் வைவா, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நேரில் கேள்வி கேட்பது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். அலுப்புதான், ஆனால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. தடை முடியும் தேதியை ‘<=’ போட்டு ஒப்பிடும் வரியைக் காட்டி, “இந்த வரியில் சமக்குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். மூலத்தை எழுதிய பையன் யோசிக்கவே இல்லை. “ஜூன் 14 அன்னிக்கே படகை விட்டுரும் சார்” என்றான். மற்ற பத்துப் பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். பார்த்து எழுதினாலும் புரிந்து எழுதியவர்கள். மீதிப் பேரில் ஒருவன் தொண்டிப் பக்கம். வீட்டில் லேப்டாப் இல்லை, போனில்தான் புரோகிராம் அடிக்க வேண்டும், லேபில் உட்கார்ந்தால் பஸ் போய்விடும் என்றான். எந்த மென்பொருளும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. இப்போது மதிய இடைவேளையிலும் லேபைத் திறந்து வைக்கிறேன்.

கடைசியாகக் கேள்வியையே மாற்றுவது. ஊருக்கு ஊர் தரவை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதே நிரல் ஓடிவிடும். கணக்கு முறையே மாற வேண்டும். இந்தப் பருவம் அவரவர் ஊர் ஏலக் கணக்குக்கு நிரல் எழுதச் சொன்னேன். சிலருக்கு நண்டு, கிலோ கணக்கு. சிலருக்குச் சாளை, கூடைக் கணக்கு. கடற்கரை இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குக் குண்டு மிளகாய், மூட்டைக் கணக்கு. கேள்வி தயாரிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் வைவாவோடு சேர்த்து இதைத்தான் தொடரப் போகிறேன். ஜேபிளாக் யாரை முதலில் கூப்பிடுவது என்று காட்டினால் போதும்.

வாலிநோக்கத்துப் பெண் ஒருத்தி கூடையைக் கிலோவாக்கும் வரிக்குப் பக்கத்தில் ‘எங்க ஊர்க் கூடை’ என்று கமென்ட் போட்டிருந்தாள். கூடைக்கு இத்தனை கிலோ என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அத்தாவோட ரெண்டு நாள் கரையில நின்னு எடை போட்டுப் பார்த்தேன் சார்.”