நீர்மட்ட டேப்: ஒரு வருசம் அளந்த பிறகு எழுதுறேன்

போன வருசம் ஆடியில வாங்குனது. 30 மீட்டர் நாடா, சுத்தி வைக்க ஒரு சக்கரம், முனையில விரல் தடிமனுக்கு ஸ்டீல் குண்டு. குழாய்க்குள்ள இறக்குனா தண்ணி தொட்டதும் கத்தும், சிவப்பு லைட் எரியும். குண்டுல இருக்கிற ரெண்டு கம்பிக்கு நடுவுல தண்ணி பட்டா கரண்டு ஓடும், அவ்வளவுதான் வேலை. ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய். கம்மாய் மீன் குத்தகைப் பணத்துல ஊர் வாங்கிக் கொடுத்தது.

எங்க கம்மாய்க்குக் கிழக்கே கிராவல் குவாரி. ஊத்து அடிக்கிற ஆழத்துக்குத் தோண்டி டீசல் மோட்டார் வச்சு இறைக்கிறாங்க. கிராவல் அடுக்குல தண்ணி சுலபமா ஓடும்; பள்ளத்துல இறைக்க இறைக்க கம்மாய்ப் பக்கமிருந்து இழுத்துக்கிட்டே இருக்கும். கேட்டா, வெயிலுக்கு வத்துதும்பாங்க. கடலோரத்துல இது வத்துறதோட முடியாது. மண்ணுக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துதான் நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல நிக்கிற நல்ல தண்ணி 1 அடி இறங்குனா, கீழே உப்பு நாள்பட 40 அடி வரைக்கும் ஏறும்னு கணக்கு. அப்படி ஏறுனா ஊருணியும் போச்சு, புவிசார் குறியீடு வாங்குன முண்டு மிளகாயும் போச்சு. ராமநாதபுரம் பக்கத்துச் சக்கரக்கோட்டைக் கம்மாய் 2025-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்துச்சு, சந்தோசம். எங்களுது மாதிரி சின்னக் கம்மாய்க்கு அந்தக் காப்பு இல்ல. நாரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, இங்கயும் வந்து மேயுது.

“அத்தை, வாயால சொன்னா எடுபடாது, எழுதி வைங்க”ன்னான் அண்ணன் மகன். கரைக்கும் குவாரிக்கும் நடுவுல மூணு பிவிசி குழாய் இறக்குனோம். குழாய் வாயில சிவப்பு பெயிண்ட் அடையாளம். எப்பவும் அந்த இடத்துல இருந்துதான் அளக்கணும், காலையில 6 மணிக்கு.

தைப்பொங்கலுக்கு மோட்டார் மூணு நாள் நின்னுச்சு. நடுக் குழாய்ல தண்ணி 11 சென்டிமீட்டர் ஏறியிருந்துச்சு. மழை ஒரு பொட்டு இல்ல. எனக்குக் கை நடுங்கிருச்சு, மறுபடி இறக்கிப் பார்த்தேன், அதே அளவு. மாசியில மடையை அடைச்சுட்டு, கரையில ஒரு தொட்டித் தண்ணியும் வச்சு அளந்தோம். வெயிலுக்குத் தொட்டிதான் வேகமா வத்தணும். கம்மாய் அதையும் முந்தி இறங்குச்சு. நோட்டை அலுவலகத்துல கொடுத்தப்ப பொங்கல் பக்கத்தை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தாங்க, பிறகு அவங்களே ஆள் அனுப்பி அளந்தாங்க. முடிவு இன்னும் வரல. நான் அளக்குறதை நிறுத்தல.

இனி குறை. நாடாவோட பூஜ்யம் குண்டு நுனியில இல்ல, கம்பி இருக்கிற இடத்துல. வாளித் தண்ணியில விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சோம். அதுவரைக்கும் எழுதுன ஒரு வாரக் கணக்கைத் திருத்த வேண்டியதாச்சு. உப்புப் படிஞ்சா சும்மாவே கத்தும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவித் துடைக்கணும். பெரிய குறை எழுத்து. குழாய் வாயில உரசி உரசி 2 மீட்டர்ல இருந்து 4 மீட்டர் வரைக்கும் அழியுது. எங்களுக்கு வேணுங்கிறதே அந்த இடம்தான். விற்ற கடையில கேட்டா, வாரண்டி மிஷினுக்குத்தான், நாடாவுக்கு இல்லைன்னுட்டாங்க. இப்ப அக்கா மக நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசி வச்சிருக்கா, தாங்குது.

கம்மாய்ப் பக்கம் குவாரி இருக்கிற ஊர்க்காரங்க தாராளமா வாங்கலாம். எழுத்து பிளாஸ்டிக்குக்கு உள்ள பதிஞ்ச நாடாவா கேட்டு வாங்குங்க. அளந்து முடிச்சதும் பேட்டரியைக் கழட்டி வச்சுருங்க, நம்ம பக்கத்து உப்புக்காத்துக்கு முனை பச்சை பூத்துரும்.