ஊட்டிக் குளிரில் புரொஜெக்டர் டியூப் லீக்: டவ்சில் 3145 எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பிக்சர் டியூப் வைத்த பழைய புரொஜெக்டரை இன்னும் விடாமல் ஓட்டுபவர்களுக்கு மலையில் வரும் முதல் தலைவலி ஈ.எச்.டி. லீக்தான், அதாவது டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தம் காப்பைத் தாண்டி வெளியே கசிவது. சமவெளியில் பத்து வருடம் சத்தமில்லாமல் ஓடிய செட், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏறி வந்த முதல் மழைக்காலத்திலேயே 'உஸ்ஸ்' என்று இரையத் தொடங்கும். இதற்குப் பெரும்பாலும் டியூபைக் குறை சொல்ல முடியாது. டியூபில் ஈ.எச்.டி. நுழையும் முனையான ஆனோடில் 30 கிலோவோல்ட்டை ஒட்டியோ தாண்டியோ மின்னழுத்தம் நிற்கிறது. கடல்மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் காற்று சுமார் 3 கிலோவோல்ட்டைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், அதனால் தாங்கும் திறனும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைகிறது. இதோடு மூடுபனியின் ஈரமும் கணப்பிலிருந்து வரும் கரித்தூசியும் ஆனோடை மூடும் ரப்பர்மேல் படிந்தால் கீழே தப்பித்துக்கொண்டிருந்த விரிசல் இங்கே தப்பாது.

அந்த விரிசலை அடைக்க எங்கள் தேர்வு டவ்சில் 3145. 2018க்கு முன் வாங்கிய பசை ட்யூபில் 'டவ் கார்னிங் 3145' என்று இருக்கும், இரண்டும் ஒரே சரக்குதான். ஒரே பாகமாக வரும் சிலிகான் பசை, 90 மில்லி ட்யூப். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகி ரப்பராகிவிடும். இறுகும்போது அமிலம் விடாது என்பதே இதற்குக் காசு கொடுப்பதன் முழுக் காரணம். ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் சந்துக்கு விற்கும் சிலிகானை முகர்ந்து பாருங்கள், வினிகர் நெடி அடிக்கும். அந்த அசிட்டிக் அமிலம் செம்புப் பின்னலையும் ஆனோடு கிளிப்பையும் அரிக்கும். உள்ளே ஈரத்தோடு அடைபட்டுக் கிடக்கும்வரை அதுவே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். லீக்கை மூடப் போய் லீக்கைக் கூட்டிக்கொண்ட கதைகள் பாதி இப்படி வந்தவைதான்.

எபாக்சி புட்டியும் வார்னிஷும் இங்கே உதவாது. ஆனோடு மூடி சிலிகான் ரப்பர். சிலிகான்மேல் சிலிகானைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. காய்ந்த மறுநாள் பார்த்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும். டியூப் ஒருமுறை சூடேறி ஆறியதும் ஓரம் மயிரிழை தூக்கிக்கொள்ளும், அந்தச் சந்தில் காற்று புகுந்துகொள்ளும். டவ்சில் 3145 இறுகிய பிறகும் நன்றாக இழுபடும், அதனால் கண்ணாடியும் ரப்பரும் வேறு வேறு அளவில் விரிந்தாலும் கூடவே போகிறது. மின்காப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோவோல்ட். அதற்காக இரண்டு மில்லிமீட்டர் பூசினால் 40 தாங்கும் என்று கணக்குப் போடாதீர்கள். தடிமன் கூடக்கூட மில்லிமீட்டருக்கான தாங்கு திறன் குறையும்.

வேலைக்கு இறங்குமுன் லீக் எங்கே என்று தெரிய வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறையை முழு இருட்டாக்கி, செட்டை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மங்கலான ஊதாநிற ஒளி தெரியும் இடம்தான் இடம். பக்கத்தில் ஒரு ரேடியோவை மீடியம் வேவில் நிலையமில்லாத இடத்தில் வைத்தால் கரகரப்பு சொல்லிவிடும். ஓசோன் வாடையும் வரும். படம் திடீரென்று ஊதிப் பெரிதானாலும், செட் 'டக்' என்று தானாக நின்றாலும், ஈ.எச்.டி. இறங்குகிறது என்று பொருள். இந்த வேளையில் கை எதையும் தொடக்கூடாது.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். 1 மெகாஓம், 2 வாட் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகப் பற்றவைத்து பி.வி.சி. குழாயில் போட்டு ஒரு டிஸ்சார்ஜ் கோல் செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனை டியூபின் வெளிக்கரிப் பூச்சைத் தொடும் எர்த் பின்னலில் இருக்க வேண்டும், சேசிஸில் அல்ல. சேசிஸில் கொடுத்தால் மின்னோட்டம் போர்டு வழியாகப் போய் ஐ.சி.யைக் கொண்டுபோய்விடும். ஒருமுறை இறக்கிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கண்ணாடிக்குள் ஒளிந்திருக்கும் சார்ஜ் சில நிமிடத்தில் மீண்டும் தலைதூக்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி இறக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டியூபை அசைக்கவே கூடாது. ஆனோடு வயரைக் கழற்ற வேண்டுமென்றால் மூன்று டியூபுக்கும் ஈ.எச்.டி.யைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டரின் முனையில் கழற்றுங்கள். டியூப் முனையில் அது தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டது, இழுத்தால் கதை முடிந்தது.

இந்தப் பசை தோற்பதாகச் சொல்லும் பெரும்பாலான இடங்களில் தவறு அடுத்து வரும் வேலையில்தான் இருக்கிறது. ஆனோடு மூடியின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே காபித்தூள் நிறத்தில், தலைமயிர் போல வளைந்து ஓடும் ஒரு கோடு தெரியும். ஸ்பார்க் போன தடம் அது. வெறும் கரி, மின்சாரம் கடத்தும். அதன்மேல் எவ்வளவு பசை பூசினாலும் அடியில் ரோடு போட்டுக் கொடுத்த மாதிரிதான். மூங்கில் குச்சியைச் சீவி, அந்தத் தடம் முழுவதும் போகும்வரை ரப்பரை வழித்தெடுங்கள். கண்ணாடியில் இரும்பு படக்கூடாது. கீறல் விழுந்த இடம் பிறகு விரிசலாகும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை துடையுங்கள். முன்பு யாராவது சிலிகான் கிரீஸ் தடவியிருந்தால் இன்னும் கவனம் தேவை, அது துளி இருந்தாலும் பசை பிடிக்காது. கிரீஸ் ஸ்பிளிட்டரில் செருகும் முனைகளுக்கு நல்லது, ஒட்ட வேண்டிய இடத்துக்குப் பகை.

பூசும்போது காற்றுக்குமிழி உள்ளே நிற்கவே கூடாது. சிலிகானுக்குள் மாட்டிய தட்டையான குமிழியில் மின்புலம் சுற்றியுள்ள ரப்பரில் இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறும், முதலில் உடைவது அந்தக் காற்றுதான். 5 மில்லி சிரிஞ்சில் பசையை நிரப்பி, தடித்த ஊசியை விரிசலின் அடிவரை விட்டு, தள்ளிக்கொண்டே மெல்ல வெளியே எடுங்கள். மேலே வழிந்ததைச் சுற்றிலும் 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீவி விடுங்கள். ஒரு பூச்சு 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், அடுத்ததற்கு ஒரு நாள் இடைவெளி. ஊசி நுழையாத மெல்லிய விரிசலுக்கு 3145 கெட்டி, நகராது. தானாக வழிந்து பரவும் 3140தான் அங்கே சரி. ஒரு டியூபுக்கு 8 முதல் 10 மில்லி போதும், மூன்றுக்கும் சேர்த்து ஒரே 90 மில்லி ட்யூபில் தாராளமாக முடியும்.

தொழிற்சாலைத் தாளில் உள்ள நேரக் கணக்கு 25 டிகிரிக்கு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டி அறையில் அது நடக்காது. ஈரம் வேண்டிய அளவு இருக்கிறது, சூடுதான் இல்லை. தொட்டால் ஒட்டவில்லை என்று மூன்றாம் நாளே ஸ்விட்ச் போட்டவர்கள் அதே இடத்தில் புதுத் தடம் கண்டார்கள்: மேலே தோல், உள்ளே பசை. டியூபிலிருந்து ஒரு அடி தள்ளி 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பத்து நாள் காத்திருங்கள். ஹேர் டிரையர் அடித்தால் தோல் மட்டும் சீக்கிரம் இறுகி அடியில் குமிழி தங்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை முடிந்த பிப்ரவரி, மார்ச்தான் இந்த வேலைக்கு நல்ல நேரம்.

வாங்கும்போது ட்யூபின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய சரக்கு உள்ளேயே திரண்டிருக்கும், பூசினாலும் பிடிக்காது. விலை சாதாரண சிலிகானைவிடப் பல மடங்கு, அது உண்மை. ஆனால் டியூப் போனால் மாற்று டியூப் தேடி அலையும் காலம் இது.

எல்லா லீக்கும் இதற்கு அடங்காது. கழுத்துக்குள் ஸ்பார்க் தெரிந்தால் டியூபின் வெற்றிடம் போய்க்கொண்டிருக்கிறது, பசையை வீணாக்க வேண்டாம். ஸ்பிளிட்டரின் வார்ப்பு வெடித்திருந்தால் ஸ்பிளிட்டரையே மாற்றுங்கள். லென்ஸுக்கும் டியூபுக்கும் நடுவே உள்ள கூலண்ட் கசிந்து ஆனோடுவரை பிசுபிசுவென்று வந்திருந்தால், அந்தக் கூலண்டை முழுவதும் கழுவி, கசிவை அடைத்த பிறகே பசைக்கு வேலை.

மீதிப் பசையை எறிய வேண்டாம். மூக்கு நுனிவரை பசை நிற்கும்படி அழுத்தி, மூடியைத் திருகி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மூக்கில் திரண்ட முளையை ஆணியால் இழுத்து எடுத்தால் பின்னால் புதுப் பசை வரும். வந்த முதல் துளியைக் காகிதத்தில் தடவி ஒரு நாள் விட்டு, ரப்பராகிறதா என்று பார்த்த பிறகு டியூபில் வையுங்கள்.